கேட் திறக்க மறுத்தால்: பயணக் கார்டு மக்கர் செய்யும் இடங்களும் கை வைத்தியமும்

புது ஊர். தோளில் பை, ஒரு கையில் பெட்டி, மறு கையில் கார்டு. ரயில் நிலைய கேட்டில் தட்டுகிறீர்கள், சிவப்பு விளக்கு. பின்னால் நிற்பவர் ‘உச்’ கொட்டுகிறார். இன்னொரு முறை, இன்னும் வேகமாகத் தட்டுகிறீர்கள். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறை கார்டைத் திருப்பி, சட்டையில் தேய்த்து, பக்கத்து கேட்டில் முயல்கிறீர்கள். சின்னச் சிக்கலைப் பெரிதாக்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவது தட்டல்தான்.

முதல் சிவப்பு விழுந்ததும் ஓரமாக ஒதுங்கிவிடுங்கள். கேட்டில் ஒரு குட்டித் திரை இருக்கும். அதில் என்ன வந்தது என்று பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட் மறுப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். கார்டைப் படிக்க முடியவில்லை. அல்லது படித்தது, பணம் போதவில்லை. அல்லது படித்தது, பணமும் இருக்கிறது, ஆனால் முந்தைய பயணத்தின் கணக்கு முடியாமல் தொங்குகிறது. திரையில் ஏதாவது தொகை தெரிந்தால் கார்டைப் படித்துவிட்டது என்று அர்த்தம். கார்டு உடைந்துவிட்டதோ என்ற பயத்தை அங்கேயே விட்டுவிடலாம். தொகை டிக்கெட் விலையைவிடக் குறைவா என்று பாருங்கள். குறைவில்லை என்றால் அநேகமாக மூன்றாவது காரணம்தான். எந்த ஊரிலும் நான் இந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

சத்தமும் இல்லை, விளக்கும் மாறவில்லை

கார்டுக்குள் பேட்டரி கிடையாது. அதன் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று ஓடுகிறது. அதோடு கடுகளவு சிப் ஒன்று இணைந்திருக்கிறது. கேட்டில் கார்டைப் படிக்கும் கருவியான ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலத்தை வீசுகிறது. சுருள் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துச் சிப்பை எழுப்புகிறது. புத்தகக் கணக்கில் 10 சென்டிமீட்டர் தூரம்வரை எட்டும் என்பார்கள். நடைமுறையில் மூன்று நான்கு சென்டிமீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது.

எழுந்த சிப்பும் ரீடரும் உடனே பேசி முடித்துவிடுவதில்லை. நீ யார், உன் சாவி சரியா, எவ்வளவு வைத்திருக்கிறாய், எங்கே ஏறினாய், சரி இதை எழுதிக்கொள், எழுதிவிட்டாயா என்று பல கேள்வி பதில்கள் ஓடுகின்றன. ஜப்பானின் சுயிக்கா கார்டு இதை 0.2 வினாடிக்குள் முடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. வேறு சில ஊர் கார்டுகளுக்கு அரை வினாடி வரை தேவைப்படும். நாம் அதற்குள் கையை இழுத்துக்கொண்டால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அதனால் கார்டை வீசிக் காட்டாதீர்கள், உரசாதீர்கள். ரீடர்மேல் தட்டையாக வைத்து, மனதுக்குள் ‘ஒன்று’ சொல்லிவிட்டு எடுங்கள். ‘தட்டு’ என்கிற சொல்லே கொஞ்சம் தப்பு. ‘வை’ என்பதுதான் சரி.

நமக்கு மட்டும்தான் கை வரவில்லை என்று வெட்கப்படவும் வேண்டாம். சுயிக்காவின் ரீடரை வடிவமைத்த ஷுன்ஜி யாமனாகா, சாதாரண மக்களை வைத்துச் சோதித்தபோது ஆளாளுக்கு ஒரு விதமாகக் கார்டைக் காட்டினார்கள். கடைசியில் அந்தப் பரப்பை 13.5 டிகிரி சாய்த்து, வைக்க வேண்டிய இடத்தை ஒளிர வைத்தார். கை தானாகவே அங்கே போய் நின்றது. எல்லா ஊர் கேட்டுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

சரி, ஒழுங்காக வைத்தும் படிக்கவில்லை. கார்டைப் பர்ஸிலிருந்து வெளியே எடுங்கள். உலோகப் பொத்தான், சில்லறை, திருட்டுத்தனமாகப் படிப்பதைத் தடுக்கும் தகடு வைத்த பர்ஸ், போன் கவருக்குள் இருக்கும் காந்த வளையம் எல்லாமே காந்தப்புலத்தைக் குலைக்கும். அப்புறம் பக்கத்து கேட்டைப் பாருங்கள். சில கேட்டுகள் க்யூஆர் டிக்கெட்டுக்கு மட்டும், சில வெளியே வருபவர்களுக்கு மட்டும் இருக்கும். ரீசார்ஜ் மெஷினிலும் வைத்துப் பாருங்கள். அதுவும் படிக்கவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து வளைத்த கார்டுக்கும், கயிறு மாட்ட ஓட்டை போட்ட கார்டுக்கும் இதுதான் கதி.

கவுன்டர் பூட்டியிருந்தால் உங்கள் போனே ஒரு சோதனைக் கருவி. என்எஃப்சி (இப்படி அருகில் வைத்தாலே படிக்கும் வசதி) உள்ள ஆண்ட்ராய்டு போனில் அதை இயக்கிவிட்டு, போனின் பின்பக்கத்தில் கார்டை வைத்து மெல்ல நகர்த்துங்கள். எங்காவது ஓரிடத்தில் ‘டிங்’ என்றாலோ அதிர்ந்தாலோ சிப் உயிரோடு இருக்கிறது. சுயிக்கா, ஹாங்காங்கின் ஆக்டோபஸ் போன்ற சில கார்டுகளின் பேலன்ஸையே செயலி வழியாகப் படித்துவிடலாம். சுயிக்காவின் சிப்பில் கடைசி 20 பரிவர்த்தனைகள்கூட இருக்கும். லண்டனின் ஆய்ஸ்டர் மாதிரி சாவி போட்டுப் பூட்டியவற்றில் பொதுச் செயலிகளுக்கு அது கிடைக்காது. ஆனாலும் உயிர் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும், அது போதும்.

ஆன்லைனில் பணம் ஏறிவிட்டது, கேட்டுக்குத் தெரியவில்லை

நான் அதிகம் அவதிப்பட்டது இதில்தான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு பயணத்தில், விடிகாலை ரயிலுக்கு முந்தைய இரவே தங்குமிடத்தில் படுத்தபடி இணையத்தில் கார்டுக்குப் பணம் போட்டேன். வங்கியிலிருந்து கழிந்த எஸ்எம்எஸ் வந்தது, ரசீது மின்னஞ்சலும் வந்தது. காலையில் கேட்டில் வைத்தால் பழைய பேலன்ஸ். மெஷினில் வைத்தால் அங்கேயும் அதே பழைய பேலன்ஸ். ரசீதைக் காட்டினேன். கவுன்டரில் இருந்தவர் சலிக்காமல் என் கார்டை வாங்கி, தன் மேஜைமேல் இருந்த கருப்புப் பெட்டியில் இரண்டு வினாடி வைத்தார். ‘பீப்’. புதுத் தொகை. முந்தைய இரவே போட்ட பணம் இத்தனை நேரம் எங்கே இருந்தது?

சர்வரில் இருந்தது. பயணக் கார்டுகளில் இரண்டு சாதி. முதல் வகையில் பணக்கணக்கு கார்டின் சிப்புக்குள்ளேயே இருக்கும். ஹாங்காங்கில் 1997இல் வந்த ஆக்டோபஸ், 2001இல் வந்த சுயிக்கா, 2003இல் வந்த ஆய்ஸ்டர் எல்லாம் இந்த வகையில் பிறந்தவைதான். கூட்ட நேரத்தில் ஒவ்வொரு தட்டலுக்கும் தொலைதூர சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்க கேட்டுக்கு நேரமில்லை. சிப் என்ன சொல்கிறதோ அதையே நம்புகிறது. நீங்கள் இணையத்தில் பணம் போட்டால், அது ‘இந்தக் கார்டுக்கு இவ்வளவு எழுத வேண்டும்’ என்ற ஓர் ஆணையாக சர்வரில் நிற்கும். அந்த ஆணை எட்டியிருக்கும் ஒரு ரீடரை உங்கள் கார்டு சந்திக்கும்போதுதான் அது சிப்பில் ஏறும். பல ஊர் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவான இந்தியாவின் என்சிஎம்சி கார்டுகளிலும், செயலியில் போட்ட தொகையை ஒரு மெஷினில் வைத்துச் சிப்புக்குள் இறக்கிக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

இரண்டாவது வகையில் கார்டு வெறும் எண். பணம், பயணம், கட்டணம் எல்லாம் சர்வரில் உள்ள கணக்கில். அதில் போட்ட பணம் எங்கேயும் போய் ‘வாங்க’ வேண்டியதில்லை. ஆனால் கேட்டில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்று தெரியாது. இது சின்ன விஷயம் மாதிரி தோன்றும். சிங்கப்பூரில் 2024 ஜனவரியில், சிப்பில் பணம் வைக்கும் பழைய கார்டுகளை நிறுத்திவிட்டு பெரியவர்கள் எல்லோரையும் கணக்கு முறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தபோது, ‘கேட்டில் பேலன்ஸ் தெரியாதே’ என்று மக்கள் கொதித்தார்கள். இரண்டே வாரத்தில் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழைய முறையையும் ஓட்ட 4 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கினார்கள். எனக்கும் கேட்டில் எண் தெரிந்தால்தான் நிம்மதி.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிக்க விளக்கக் கையேடு தேவையில்லை. கேட் திரை மீதித் தொகையைக் காட்டினால் அநேகமாகச் சிப் வகை. ‘சரி’ குறி மட்டும் காட்டினால் கணக்கு வகை. சிப் வகையில் பணம் வரவில்லை என்றால் முதலில் ரசீதில் உள்ள கார்டு எண்ணையும் கார்டின் முதுகில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். குடும்பத்தில் நாலு கார்டு இருந்தால் வேறொருவர் கார்டில் பணம் போட்டிருப்பது சர்வ சாதாரணம். எண் சரி என்றால், எங்கே வைத்தால் ஏறும் என்று ரசீதிலேயே இருக்கும்: ஏதோ ஒரு குறிப்பிட்ட நிலையம், அல்லது எந்த கேட்டிலும், அல்லது மெஷினில் ‘அப்டேட்’ பட்டன். போட்ட உடனே ஏறாது, அரை மணி நேரம் ஆகலாம் என்பதும் அங்கேயே சின்ன எழுத்தில் இருக்கும். சில ஊர்களில் குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்தப் பணம் வந்த வழியே திரும்பிப்போய்விடும். நீங்கள் அவசரப்பட்டு இரண்டாவது முறை பணம் போட்டிருந்தால், இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஏறிக்கொள்ளும். ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் இது நடந்தால் எரிச்சல்தான்.

கணக்கு வகையில் பணம் தெரியவில்லை என்றால் செயலியில் நுழைந்த கணக்கும் கார்டும் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மற்றபடி பொறுமைதான் மருந்து.

மெஷின் பணத்தை எடுத்துக்கொண்டது, கார்டில் ஏறவில்லை

முதல் சந்தேகம் உங்கள் கைமேல்தான். பல மெஷின்களில் பணம் போட்ட பிறகும், முடிந்தது என்று சொல்லும்வரை கார்டு அதே பள்ளத்தில் கிடக்க வேண்டும். நோட்டு உள்ளே போன சத்தம் கேட்டவுடன் நாம் கார்டை எடுத்துவிடுகிறோம். எழுதும் நேரத்தில் எடுத்தாலும் சிப் பாதித் தொகையோடு குழம்பிவிடாது. இந்தக் கார்டுகள் ஒன்று பழைய தொகையை வைத்திருக்கும், இல்லாவிட்டால் புதியதை. நடுவில் நிற்காதபடிதான் செய்யப்பட்டவை. அதனால் அதே கார்டை அதே மெஷினில் உடனே மறுபடி வையுங்கள். பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்துவிடும். இந்த நேரத்தில் பின்னால் நிற்பவருக்கு இடம் விட்டு நகர்ந்துவிடாதீர்கள். மரியாதை எல்லாம் அப்புறம்.

அப்படியும் வரவில்லை என்றால் மெஷின் எண், நேரம், தொகை, கார்டு எண் நான்கையும் ஒரே போட்டோவில் பிடியுங்கள். மெஷினின் நெற்றியில் ஓர் எண் ஒட்டியிருக்கும். புகார் கொடுக்கும்போது கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

வெளிநாட்டு வங்கிக் கார்டை மெஷின் ஏற்கவில்லை என்றால் அதில் பழுது எதுவும் இல்லை. பல ஊர்களில் ரீசார்ஜ் மெஷின் ரொக்கம் மட்டுமே வாங்கும், அதிலும் சில நோட்டுகளை மட்டும். சுயிக்கா போன்றவற்றுக்கு உச்சவரம்பும் உண்டு. அதில் 20,000 யென்னுக்கு மேல் வைக்க முடியாது. பெரிய நோட்டைத் துப்பித் துப்பி விடுகிறது என்றால் நோட்டு கசங்கியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, வரம்பைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள்.

உள்ளே விட்டது, வெளியே விடவில்லை

பணம் குறைவு என்பது எளிய காரணம். நுழையும்போது குறைந்தபட்சக் கட்டணத்துக்கு இருந்தால் போதும் என்று கேட் விட்டுவிடுகிறது. வெளியேறும்போது முழுத் தொகை கேட்கிறது. கேட்டுக்கு உட்புறமே கட்டணம் சரிக்கட்டும் மெஷின் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜப்பானில் பெரும்பாலும் இருக்கும். ஹாங்காங் வேறு வழி வைத்திருக்கிறது: ஆக்டோபஸில் கொஞ்சமாவது மீதி இருந்தால் கடைசிப் பயணத்துக்குக் கணக்கு மைனஸில் போகவும் விடுவார்கள், கார்டு வாங்கும்போது நீங்கள் கட்டிய டெபாசிட் கையில் இருக்கும் தைரியத்தில். மைனஸில் இருக்கும் கார்டு அடுத்த முறை உள்ளே விடாது. கடன் முதலில் அடைபட வேண்டும். நூறு போட்டும் நூறு தெரியவில்லையே என்று குழம்புபவர்கள் இதைக் கவனியுங்கள்.

பணம் இருக்கிறது, இருந்தும் வெளியே விடவில்லை. இது தந்திரமானது. 2013 மார்ச்சில் ஜப்பானின் 10 பெரிய கார்டுகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தன. டோக்கியோவில் வாங்கிய சுயிக்காவை ஒசாக்காவிலும் தட்டலாம். ஆனால் ஒரு பகுதியில் ஏறி, எல்லை தாண்டி, வேறு பகுதியில் இறங்க முடியாது. ஒரே தண்டவாளம், ஒரே ரயில், இருக்கையைவிட்டு நீங்கள் எழவே இல்லை. கேட் மட்டும் முடியாது என்கிறது. இந்த மாதிரி இடத்தில் வேறு கேட்டில் முயல்வதில் பயனே இல்லை. ஆள் இருக்கும் ஜன்னலுக்குப் போய் ஏறிய நிலையத்தைச் சொல்லி ரொக்கமாகக் கட்டுங்கள். ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள், அதைத் தொலைக்காதீர்கள். உங்கள் கார்டு இன்னமும் ‘உள்ளே இருக்கிறேன்’ என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பிறகு கார்டின் சொந்தப் பகுதி நிலையத்தில் அந்தச் சீட்டைக் காட்டி அந்த நினைப்பை அழித்தால்தான் மறுபடி நுழைய விடும். மறுநாள் காலையில் ‘திடீரென்று கார்டு வேலை செய்யவில்லை’ என்று தவிப்பவர்களில் பலர், முந்தைய நாள் இந்தச் சீட்டைக் குப்பையில் போட்டவர்கள்.

மூன்றாவது, நீங்கள் நுழைந்ததே பதிவாகாமல் இருப்பது. முன்னால் போனவருக்குத் திறந்த கேட் மூடுவதற்குள் நீங்களும் போயிருப்பீர்கள். அல்லது கேட்டே இல்லாத சின்ன நிலையத்தில் தூணில் இருந்த ரீடரைக் கவனித்திருக்க மாட்டீர்கள். அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். கதை ஜோடிப்பதில் பிரயோஜனமில்லை. எதிரே இருக்கும் கருவி உங்கள் கார்டின் கடைசிப் பயணங்களை வரிசையாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

வழக்கத்தைவிட அதிகமாகப் பிடித்துவிட்டது

தூரத்துக்குத் தக்க கட்டணம் உள்ள ஊர்களில் கார்டுக்கு ஏறியதும் தெரிய வேண்டும், இறங்கியதும் தெரிய வேண்டும். ஒரு முனை காணாமல் போனால் நீங்கள் எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கணினிக்குத் தெரியாது. அது நல்லெண்ணம் காட்டாது; உச்சபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடும். லண்டனில் இப்படித்தான். ஒரே பயணத்துக்கு அனுமதித்த நேரத்தைத் தாண்டி நிலையத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாலும், அதை முடியாத இரண்டு பயணங்களாகக் கணக்கிட்டு இரண்டு உச்சக் கட்டணம் விழும். கேட் விரியத் திறந்து கிடந்தாலும் கார்டை வைத்துவிட்டே வெளியே போங்கள். கூட்டத்தை விரைவாக அனுப்ப அவர்கள் திறந்து வைத்திருக்கலாம். உங்கள் பயணக் கணக்கை அது முடித்துத் தராது.

அதே ஊரில் மஞ்சள் ரீடர்களோடு இளஞ்சிவப்பு ரீடரும் சில நிலையங்களில் உண்டு. நடு நகரத்தைத் தொடாமல் சுற்றி வந்தேன் என்பதற்கு அதுதான் சாட்சி. வண்டி மாறும் இடத்தில் அதில் வைக்காவிட்டால், நடு நகரம் வழியாக வந்ததாகக் கருதிக் கூடுதலாகப் பிடிக்க வாய்ப்பிருக்கிறது.

ஆனால் இந்த வகைத் தொல்லையில் எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. பர்ஸைத் திறக்காமலே ரீடரில் அழுத்தும் பழக்கம் எனக்கு இருந்தது. பர்ஸின் இடப்பக்கம் பயணக் கார்டு, வலப்பக்கம் வங்கிக் கார்டு. காலையில் நுழையும்போது பர்ஸ் இடமாகச் சாய்ந்தது போல. பயணக் கார்டு சிக்கியது. இறங்கும்போது வலமாகச் சாய்த்திருக்கிறேன். வங்கிக் கார்டு சிக்கியது. இரண்டு தடவையும் அதே ‘பீப்’, அதே பச்சை விளக்கு. ராத்திரி வங்கிச் செய்தியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: இறங்காத ஒரு பயணம், ஏறாத இன்னொரு பயணம், இரண்டுக்கும் உச்சக் கட்டணம். இரண்டு கார்டுகளைச் சேர்த்து வைத்தால் ரீடர் இரண்டையும் மறுத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால்தான் ஆபத்து, ஏனென்றால் எந்தச் சத்தமும் உங்களை எச்சரிக்காது. அதற்கப்புறம் பயணக் கார்டுக்குத் தனி உறை வாங்கிவிட்டேன்.

இப்படி அதிகம் பிடித்ததைக் கேட்டால் பல நேரம் திருப்பித் தருவார்கள், ஆனால் கால வரம்பு உண்டு. அன்றைக்கே பயண வரலாற்றைப் பாருங்கள். ஏறிய இடம் மட்டும் இருந்து இறங்கிய இடம் காலியாக இருந்தால் அந்த வரிதான் உங்கள் ஆதாரம்.

வண்டி மாறி ஏறினேன், சலுகை கிடைக்கவில்லை

முக்கால்வாசி நேரம் பஸ்தான் காரணம். பஸ்ஸில் இறங்கும்போதும் கார்டு வைக்க வேண்டுமா என்பது ஊருக்கு ஊர் மாறும். லண்டன் பஸ்ஸில் ஏறும்போது மட்டும். சிங்கப்பூரில் இறங்கும்போதும் வைக்க வேண்டும். மறந்தால் அந்த பஸ் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கட்டணம். சியோலில் இறங்கும்போது வைத்தால்தான், அடுத்த வண்டிக்கு 30 நிமிடத்துக்குள் மாறும் சலுகை கிடைக்கும். எனக்குத் தெரிந்த குறுக்கு வழி: பஸ்ஸின் பின்கதவு அருகே ரீடர் இருந்தால் அது அழகுக்காக வைத்ததில்லை. உள்ளூர்க்காரர்கள் இறங்கும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதையே செய்யுங்கள்.

இன்னொரு காரணம், கார்டு மாறியது. காலையில் போனை வைத்துத் தட்டிவிட்டு, மதியம் அதே வங்கியின் பிளாஸ்டிக் கார்டைத் தட்டியிருப்பீர்கள். வங்கிக் கணக்கு ஒன்றுதான். ஆனால் போனுக்குள் இருக்கும் கார்டுக்கு வேறு எண் கொடுக்கப்பட்டிருக்கும். பயண சர்வருக்கு அது வேறொரு ஆள். கைக்கடிகாரமும் அப்படியே. நாள் உச்சவரம்பு (ஒரு நாளைக்கு இதற்கு மேல் பிடிக்க மாட்டோம் என்ற எல்லை), மாறி ஏறும் சலுகை எதுவும் இந்த ஆட்களுக்கிடையே பகிரப்படாது. ஒரு நாளுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் இருக்கும் கார்டு முரண்டு பிடிக்கிறது

கேட் முன்னால் நின்று முகத்தைக் காட்டு, விரலை வை என்று போன் கேட்கிறதா? எக்ஸ்பிரஸ் முறை இயங்கவில்லை. அமைப்புகளில் பயணத்துக்கான கார்டாக ஒன்றைக் குறித்துவிட்டால், பூட்டைத் திறக்காமலே வேலை செய்யும். பேட்டரி தீர்ந்து போன் அணைந்தாலும் ஐபோன் எக்ஸ்எஸ்ஸிலிருந்து பிந்தைய ஐபோன்களில் எக்ஸ்பிரஸ் கார்டு 5 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். நீங்களாக அணைத்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

பிளாஸ்டிக் சுயிக்காவை ஐபோனுக்கு மாற்றிய பிறகு பிளாஸ்டிக் வேலை செய்யவில்லை என்றால், வேலை செய்யக் கூடாது. பணமும் டெபாசிட்டும் போனுக்குக் குடிபோய்விட்டன. கையில் இருப்பது நினைவுப்பொருள். ஆண்ட்ராய்டு போனில் சுயிக்காவைச் சேர்க்கவே முடியவில்லையா? ஜப்பானுக்கு வெளியே விற்கும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அதற்குத் தேவையான ஃபெலிக்கா என்ற சிப் வசதி திறக்கப்பட்டிருக்காது. செயலியை நீக்கி நீக்கிப் போடுவதில் நேரத்தை வீணாக்காமல் கார்டு வாங்கிவிடுங்கள்.

ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியவில்லை

முடியாது. முதல் ஆள் நுழைந்ததும் கார்டு ‘உள்ளே’ என்று எழுதிக்கொண்டது. உள்ளே இருப்பவர் மறுபடி எப்படி நுழைவார் என்று கேட் கேட்கிறது. ஏறும்போது மட்டும் தட்டும் சில பஸ்களில் ஓட்டுநரிடம் சொன்னால் இருவருக்கும் சேர்த்துப் பிடிப்பார். ரயிலில் பெரும்பாலும் தலைக்கு ஒன்று.

கார்டு செத்துவிட்டது, அல்லது தொலைந்துவிட்டது

சிப் செத்தாலும் பணம் சாவதில்லை. ஒவ்வொரு தட்டலும் பிறகு சர்வருக்குப் போய்ச் சேருகிறது. கார்டு எண்ணை வைத்துக் கடைசி மீதியைக் கண்டுபிடித்துப் புதுக் கார்டுக்கு மாற்றித் தருவார்கள். அன்றைக்கே ஆகாமல் போகலாம். தேவையானது முதுகில் உள்ள எண். ஓயாமல் உரசி அது அழிந்திருந்தால் திண்டாட்டம். ஆகவே கார்டு வாங்கிய நிமிடமே, கவுன்டரைவிட்டு நகரும் முன், முன்னும் பின்னும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். வாங்கிய ரசீதையும் சேர்த்து.

தொலைந்தது என்றால் கேள்வி ஒன்றுதான்: உங்கள் பெயரில் பதிவு செய்தீர்களா? செய்திருந்தால் உடனே முடக்கச் சொல்லுங்கள். செய்யவில்லை என்றால் ரோட்டில் விழுந்த ரூபாய் நோட்டு மாதிரிதான், எடுத்தவர் பாடு யோகம். இதனால்தான் பெயரில்லாத கார்டில் நான் ஒரே தடவையாகப் பெருந்தொகை போடுவதில்லை. இரண்டு நாளுக்கு ஆகும் அளவுதான்.

கிளம்பும் நாளில் பணம் மீதி

கடைசி நாளில் விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சில கார்டுகளின் பணத்தை வெளியிட்ட நிறுவனத்தின் பகுதியில் மட்டும்தான் திரும்பத் தருவார்கள். சுயிக்காவை ஒசாக்காவில் நீட்டினால் கையை விரிப்பார்கள். சில இடங்களில் உள்ளூர் வங்கிக் கணக்கு கேட்பார்கள். சில இடங்களில் மீதியிலிருந்து கட்டணம் கழிப்பார்கள், அதனால் மீதியை முதலில் செலவழித்துத் தீர்த்துவிட்டு டெபாசிட்டை மட்டும் கேட்பது லாபம். பயணிகளுக்கென்றே விற்கும் கார்டுகளின் விதி தனி: வெல்கம் சுயிக்காவுக்கு டெபாசிட் இல்லை, 28 நாளில் காலாவதி, மீதிப் பணமும் திரும்பாது.

மீதியைத் தீர்க்க, கார்டை ஏற்கும் கடையில் ஒரு பொருளை எடுத்து, முதலில் கார்டில் உள்ளதையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, பாக்கியைச் சில்லறையாகக் கொடுங்கள். இதைப் பல ஊர்களில் ஏற்கிறார்கள்.

திரும்பி வரும் எண்ணம் இருந்தால் கார்டை வைத்துக்கொள்வதே மேல். சாதாரண சுயிக்கா கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து 10 வருடம் உயிரோடு இருக்கும். எடுத்து வைக்கும்போது அதன்மேல் சின்னக் காகிதத்தில் மீதித் தொகையையும் கடைசியாகத் தட்டிய மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். வருடக்கணக்கில் இழுத்துப் பிடித்தால் கார்டு வளைந்து, கம்பி எங்கே அறும் என்று சொல்ல முடியாது.